விடுதி விதிகள்: கடைசிக் கட்டிலில் இருந்து ஓர் ஒப்பீடு

உறைவிடப் பள்ளியின் விடுதிக்கு விதி எழுத உட்காருபவர்கள் பெரியவர்கள். எழுதியதைப் படிப்பவர்களும் பெரியவர்கள்தான். சேர்க்கை நாளில் பெற்றோர் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஆய்வுக்கு வருபவர் அந்தத் தாள் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அந்தத் தாள் சொல்கிறபடி எழுந்து, குளித்து, சாப்பிட்டு, படிக்க வேண்டிய பத்து வயதுப் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சில ஆண்டுகள் நான் விடுதிக் காப்பாளராக இருந்தேன். விதித்தாளை மூன்று முறை மாற்றி எழுதினேன். முதல் இரண்டும் சரியாக வரவில்லை. இப்போது யாராவது புதிதாக எழுத உட்கார்ந்தால், அவர்கள் முன்னால் இருக்கும் வழிகளை அருகருகே வைத்துப் பார்க்க உதவியாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழிகள் தோராயமாக மூன்று. எல்லாருக்கும் ஒரே மணி, ஒரே தாள் என்பது முதல் வழி. வயதுக்குத் தகுந்தபடி விதியைத் தளர்த்திக்கொண்டே போவது இரண்டாவது. பிள்ளைகளும் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, வாக்கெடுத்து விதி வகுப்பது மூன்றாவது. எந்த விடுதியும் இதில் ஒன்றை மட்டும் சுத்தமாகப் பின்பற்றுவதில்லை. அதனால் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த விஷயத்துக்கு எது என்று கேட்க வேண்டும்.

அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒவ்வொரு டார்மிட்டரியிலும் யாரும் விரும்பி எடுக்காத கட்டில் ஒன்று இருக்கும், பெரும்பாலும் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில். அதில் புதிதாக வந்த, எல்லாரிலும் சின்ன, வாய் திறக்காத பிள்ளை படுத்திருக்கும். இரவு 11 மணி, வார்டன் தூங்கிவிட்டார். இந்த விதி அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையை என்ன செய்கிறது? பகலில் எல்லா விதியும் நன்றாகத்தான் இருக்கும்.

தூக்கம்

விடுதிச் சண்டைகளில் பாதி தூக்கக் குறைவில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தேவை என்கிறது. இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பருவ வயதில், தூக்கத்தைக் கூட்டிவரும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரம் தள்ளிப்போவதால் உடலின் கடிகாரம் இரண்டு மணி நேரம் வரை பின்தங்கலாம். பதினாறு வயதுப் பையனை ஒன்பதரைக்குப் படுக்க வைக்கலாம், தூங்க வைக்க முடியாது. அவன் திமிர் பிடித்து விழித்திருக்கவில்லை.

ஒரே மணி முறையை இதில் பொருத்திப் பாருங்கள். இரவு 9:30-க்கு விளக்கு அணையும், காலை 5 மணிக்கு மணி அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். படுத்ததும் தூங்கும் பத்து வயதுப் பிள்ளைக்கே ஏழரை மணி நேரம்தான் கிடைக்கும்; குறைந்தபட்சத்தைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு. பதினொன்று வரை புரண்டு படுக்கும் பெரியவனுக்குக் கிடைப்பது ஆறு மணி நேரம். எல்லாரையும் சமமாக நடத்தும் விதி இருவரையுமே தூங்கவிடவில்லை.

படிநிலை முறை இங்கே உடனே கவர்கிறது. சின்னவர்கள் எட்டரைக்கு, நடுவில் இருப்பவர்கள் ஒன்பதரைக்கு, பெரியவர்கள் பத்தரைக்கு. தாளில் அழகாக இருக்கும். தனித்தனி அறைகள் இருந்தால் நடைமுறையிலும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே நீள ஹாலில் எல்லா வயதும் கலந்து படுக்கும் விடுதியில் இதைக் கொண்டுவந்தால், பெரியவர்களின் சுதந்திரத்துக்குச் சின்னவர்கள் விலை கொடுப்பார்கள். விளக்கு வெளிச்சம், செருப்புச் சத்தம், அடக்கிய சிரிப்பு எல்லாம் கடைசிக் கட்டிலைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போகும். அறையைப் பிரிக்க முடியாதவர்கள் நேரத்தையும் பிரிக்காமல் இருப்பது நல்லது. அல்லது படுக்கும் அறையை எட்டரைக்கே இருட்டாக்கிவிட்டு, பெரியவர்கள் உட்கார வேறு கூடம் ஒன்றைத் திறந்துவிடலாம்.

மூன்றாவது வழிக்கும் வருகிறேன். ஏ. எஸ். நீல் 1921-ல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளி இங்கிலாந்தில் இன்றும் நடக்கிறது. அங்கே பள்ளிக் கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு, பள்ளித் தலைவருக்கும் ஒரு வாக்கு. படுக்கும் நேரத்தை அந்தக் கூட்டம்தான் முடிவு செய்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர்களையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது. படுக்கை நேரமே வேண்டாம் என்று ஒழித்துவிட்டு, பிறகு தூக்கம் கெட்டு, அதே கூட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்த காலங்களும் உண்டு. கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அது நூறு பேருக்குள் இருக்கும் சிறிய பள்ளி, நூறு ஆண்டுப் பழக்கம் உள்ள கூட்டம். அதைப் பார்த்து நானும் ஒருமுறை விளக்கணைப்பு நேரத்துக்கு வாக்கெடுத்தேன். சின்னவர்கள் கை தூக்கும் முன் சீனியர்களின் முகத்தைப் பார்த்தார்கள். பத்தரை மணி பெரும் வெற்றி பெற்றது. அடுத்த வாரம் முழுக்கக் காலை வகுப்பில் குறட்டை. வாக்கெடுப்பு கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கை தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதிப் போடச் சொல்லியிருக்க வேண்டும். அதையும் வயதுக் குழு வாரியாகத் தனித்தனியாகச் செய்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் எங்கள் கூட்டங்களில் படுக்கும் நேரத்தைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசினோம். எழுப்பும் மணியை யாரும் தொடவில்லை. அது ஏன் ஐந்து மணி என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். 60 பிள்ளைகள், 6 குளியலறைகள். ஒரு குளியலறைக்குப் பத்துப் பேர், ஆளுக்கு 8 நிமிடம் என்றால் 80 நிமிடம். அதனால்தான் ஐந்து மணி! ஒழுக்கம், அதிகாலைப் படிப்பு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் குழாய்ப் பற்றாக்குறைக்குப் போட்ட சட்டை. பாதிப் பேர் மாலை விளையாட்டு முடிந்ததும் குளித்தால் காலை வரிசை 40 நிமிடமாகக் குறைகிறது. மணியை அப்படியே 40 நிமிடம் தள்ளலாம். யார் மாலை, யார் காலை என்பதை மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றம், முதல் வழிக்காரருக்கும் மூன்றாவது வழிக்காரருக்கும் நடக்கும் தத்துவச் சண்டையைவிட அதிகத் தூக்கத்தைக் கொடுத்தது.

காலைச் சோதனை

இது தூக்கத்தோடு ஒட்டியது, ஆனால் தனியாகச் சொல்ல வேண்டியது. பல விடுதிகளில் எழுந்த பதினைந்தாவது நிமிடம் கட்டில் சோதனை நடக்கும். போர்வை மடித்திருக்க வேண்டும், விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும், ஒவ்வொருவரும் கட்டில் அருகே நிற்க வேண்டும். ஒழுங்கான விதிதான்.

பத்து வயதில் ஏறக்குறைய 5 சதவீதப் பிள்ளைகளுக்கு இரவில் படுக்கை நனையும் பழக்கம் இருக்கிறது. 40 சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறையில் அது இரண்டு பேர். இந்தச் சோதனை அவர்கள் இருவரையும் ஒவ்வொரு காலையும் 38 பேர் முன்னால் நிறுத்துகிறது. விதி எழுதியவருக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது. கடைசிக் கட்டில் பிள்ளை மட்டும் இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டு விழித்திருக்கும்.

மாற்று என்ன? சோதனையைப் பிள்ளைகள் காலை உணவுக்குப் போன பிறகு வைத்துக்கொள்வது. எல்லா மெத்தைக்கும், ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும், நீர் புகாத உறை போடுவது. மாற்று விரிப்புகளை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி திறந்த அலமாரியில் வைப்பது. இங்கே படிநிலையும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே விதி என்பதுதான் சரி, ஏனென்றால் தனி விதி போட்டாலே யாருக்காக என்று தெரிந்துவிடும். ஒரே மணி முறையைக் குறை சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சில சமயம் பொது விதி ஒரு பிள்ளைக்கு நல்ல மறைப்பாக இருக்கிறது.

செல்போன்

எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் அதிக நேரம் எடுப்பது இதுதான். முழுத் தடை, குறித்த நேரம் மட்டும், எப்போதும் கையில் என்று மூன்று நிலைகள்.

எப்போதும் கையில் இருக்கலாம் என்ற நிலையை எளிதாகத் தள்ளிவிடலாம். தூக்கம் கெடும் என்பதற்காக மட்டும் இல்லை. தூங்கும் பிள்ளையை, உடை மாற்றும் பிள்ளையைப் படமெடுக்க ஒரு நொடி போதும். எடுத்தவன் விளையாட்டுக்கு என்பான், படத்தில் இருப்பவனுக்கு அந்தப் பள்ளியே முடிந்துவிடும். வீடு என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். டார்மிட்டரியில் கதவு ஏது?

முழுத் தடைக்கு ஆதரவாக நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் முதல் தாளில் அதைத்தான் எழுதினேன். அறையில் பேச்சு கூடும், பலகை விளையாட்டுகள் திரும்ப வரும், உண்மை. ஆனால் வீட்டுக்குப் பேச ஒரு வழி வேண்டும். தடை போட்ட விடுதிகளில் அந்த வழி பெரும்பாலும் வார்டன் அறை மேசையில் இருக்கும் ஒற்றைத் தொலைபேசி. வார்டன் காது கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு பிள்ளை அம்மாவிடம் என்ன சொல்லும்? நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், சரி வைக்கிறேன். வார்டனைப் பற்றியோ சீனியரைப் பற்றியோ ஒரு புகார் இருந்தால் அதைச் சொல்ல இடமே கிடையாது. இங்கிலாந்தில் உறைவிடப் பள்ளிகளுக்கான தேசியக் குறைந்தபட்சத் தரநிலைகள், பிள்ளை குடும்பத்தோடு தனிமையில் பேச முடிய வேண்டும் என்று தெளிவாகக் கேட்கின்றன. பள்ளிக்கு வெளியே இருக்கும் பொறுப்பான ஒருவரைத் தொடர்புகொள்ளும் வழியும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. தடை போடுபவர்கள் முதலில் அந்தத் தொலைபேசியை வார்டன் அறையிலிருந்து வெளியே எடுத்து, பார்வையில் படும் ஆனால் பேச்சு கேட்காத இடத்தில் வைக்க வேண்டும். நடைகூடத்தின் முனை போதும்.

குறித்த நேரம் என்ற நடுவழி சொல்லும்போது சுலபம், நடத்தும்போது படுத்தும். மாலை ஒரு மணி நேரம் கொடுத்து இரவு வாங்கி வைப்பதற்குள் ஐம்பது போன், ஐம்பது சார்ஜர், உடைந்த திரைக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு. அப்புறம் எல்லா விடுதியிலும் நடக்கும் அந்தப் பழைய தந்திரம்: உடைந்த பழைய போனைப் பெட்டியில் போட்டுவிட்டு நல்ல போனைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொள்வது. இதைப் பிடிக்க சோதனை, சோதனையை ஏமாற்ற மூன்றாவது போன். இருந்தும் நான் கடைசியில் வந்து நின்றது இந்த வழியில்தான், இரண்டு திருத்தங்களோடு. வாங்கி வைக்கும் வேலையை மாணவத் தலைவர்களிடம் கொடுக்கவில்லை. பெரியவர் ஒருவர் செய்தார். படுக்கும் அறையில் சார்ஜ் போடும் வசதியையே எடுத்துவிட்டு, பொதுக்கூடத்தில் பூட்டுள்ள தட்டுகளாக வைத்தோம். போன் கெட்டது என்று போதிப்பதைவிட இரவில் அதற்கு உணவு கிடைக்காமல் செய்வது வேலை செய்தது. அப்புறம், வார்டனும் இரவுச் சுற்றில் கையில் போனோடு வரக்கூடாது. இதைச் சொன்னபோது சக ஊழியர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பறிமுதல் செய்வதைப் பற்றி ஒன்று. கயானா நாட்டின் மஹ்தியாவில் 2023 மே 21 இரவு ஒரு பள்ளி விடுதி தீப்பிடித்ததில் 20 உயிர்கள் போயின, பெரும்பாலோர் மாணவிகள். போனைப் பறித்ததில் கோபமடைந்த மாணவி ஒருவர் தீ வைத்ததாக அதிகாரிகள் கூறினர். இதைச் சொல்லிப் பறிமுதலே கூடாது என்று வாதிட வரவில்லை. போன் எத்தனை நாளுக்குப் பிறகு திரும்பக் கிடைக்கும், யாரிடம் முறையிடலாம் என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். முடிவு தெரியாத தண்டனை ஒரு பதினைந்து வயது மனதில் எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பெரியவர்களால் அளக்க முடியாது.

கதவு

மஹ்தியாவில் அந்த இரவு அத்தனை பேர் இறந்ததற்கு இன்னொரு காரணம் கதவுகள் பூட்டியிருந்தது, சன்னல்களில் கம்பி இருந்தது. கென்யாவின் கியாங்குலி பள்ளியில் 2001 மார்ச்சில் 67 மாணவர்கள் தீயில் இறந்தபோதும் ஒரு கதவு பூட்டியிருந்தது, சன்னல்களில் கம்பி இருந்தது. அந்த நாடு 2008-ல் கொண்டுவந்த பள்ளிப் பாதுகாப்புத் தரநிலைகள், விடுதிச் சன்னலில் கம்பி கூடாது, கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், கட்டில்களுக்கு இடையே 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றெல்லாம் சொல்கின்றன. அதற்குப் பிறகும் 2024 செப்டம்பரில் அங்கே இன்னொரு விடுதித் தீயில் 21 சிறுவர்கள் போனார்கள்.

இங்கே ஒப்பிட எதுவும் இல்லை. இரவில் பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டுவது ஒரு தெரிவே கிடையாது. ஓடிவிடுவார்கள், வெளியாள் வருவான் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, திறந்தால் மணி அடிக்கிற கதவு இருக்கிறது. அதே மாடியில் தூங்கும் பெரியவர் இருக்கிறார். படுக்கும் முன் தலை எண்ணுவது இருக்கிறது. இதில் எது வேண்டுமானாலும் செய்யுங்கள். பருவத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், இரவில் வெளியேறும் பயிற்சியும் வையுங்கள். கடைசிக் கட்டில் பிள்ளை எத்தனை நொடியில் வெளியே வருகிறது என்பதைக் கடிகாரத்தில் பாருங்கள்.

இரவில் யார் பொறுப்பு

அறுபது பேருக்கு ஒரு வார்டன் இருக்கும் இடத்தில் விதியை நடத்துவது யார் என்பதுதான் உண்மையான கேள்வி. பெரும்பாலும் பதில்: சீனியர்கள்.

இது நீண்ட வரலாறு உள்ள ஏற்பாடு. இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு 1828-ல் தலைமையாசிரியராக வந்த தாமஸ் ஆர்னால்ட் மேல்வகுப்பு மாணவர்களை நம்பித்தான் பள்ளியை நடத்தினார். பிற்காலத்துப் பள்ளிகளின் மாணவத் தலைவர் முறைக்கு அவருடைய பள்ளி பெரிய முன்மாதிரி. அதே பள்ளிகளில்தான் ஜூனியர் சீனியருக்கு ஷூ துடைத்து, அறை பெருக்கி, ஏவல் செய்யும் வழக்கமும் இருந்தது. பொறுப்பும் ஏவலும் ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே வருகின்றன. இன்று அதற்கு ராகிங் என்று வேறு பெயர் இருக்கலாம்.

சீனியர் முறையில் நல்லது இல்லாமல் இல்லை. வீட்டு நினைவில் அழும் பிள்ளையை முதலில் கண்டுபிடிப்பது பக்கத்துக் கட்டில் அண்ணன்தான், வார்டன் இல்லை. நான் பார்த்த மிக நல்ல காப்பாளர்களில் சிலர் பதினேழு வயதுக்காரர்கள். எல்லை எங்கே என்றால், உதவுவது வேறு, தண்டிப்பது வேறு. சீனியர் எழுப்பலாம், வரிசை பார்க்கலாம், பாடம் சொல்லலாம், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வந்து சொல்லலாம். தண்டனை கொடுக்கவோ, பொருளை வாங்கி வைக்கவோ, பெயர் எழுதவோ கூடாது. 'பெயர் எழுதுவது' சின்ன விஷயமாகத் தோன்றும். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட என்னென்ன வாங்கப்படுகிறது என்று ஒருநாள் தெரிய வந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேலே சொன்ன இங்கிலாந்துத் தரநிலைகளும் மாணவத் தலைவர் முறையைத் தடுக்கவில்லை. வேலை இன்னது என்று வரையறுத்து, பெரியவர் மேற்பார்வையோடு, அதிகாரம் தவறாகப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கின்றன.

பிள்ளைகளே நீதி சொல்லும் முறைக்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் யானுஷ் கோர்ச்சாக். போலந்து நாட்டு மருத்துவர். வார்சாவில் யூதப் பிள்ளைகளுக்காக 1912-ல் திறந்த ஆதரவற்றோர் இல்லத்தை நடத்தியவர். 1942-ல் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டுபோனபோது உடன் போய் இறந்தவர். அவர் இல்லத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் பிள்ளைகள், அந்த வாரம் தங்கள் மேல் வழக்கு இல்லாதவர்களில் இருந்து குலுக்கலில் வருவார்கள். பெரியவர்கள் மேலும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக்கே குற்றம் சாட்டப்பட்டு நின்றிருக்கிறார். சட்டத் தொகுப்பில் 1 முதல் 99 வரையான பிரிவுகள் எல்லாம் வழக்கை விட்டுவிடுவது, மன்னிப்பது வகை. தண்டனை என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வருகிறது. 1000-ஆவது பிரிவுதான் வெளியேற்றம்.

மற்ற மாணவர் நீதிமன்றங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது, தண்டிக்கும் அதிகாரத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு மன்னிக்கும் வழியைக் கொடுக்க மறப்பதால். குலுக்கல் முறையையும் கவனியுங்கள். தேர்தல் வைத்தால் விளையாட்டு வீரன் ஜெயிப்பான். குலுக்கலில் கடைசிக் கட்டிலுக்கும் ஒரு வாரம் வரும். முழு நீதிமன்றம் வைக்கத் துணிவில்லாதவர்கள் குலுக்கலையாவது எடுத்துக்கொள்ளலாம். உணவுக் குழு, விளையாட்டுக் குழு, விதி திருத்தும் குழு, எல்லாவற்றுக்கும்.

மற்றவை, சுருக்கமாக

பெருக்குவது, துடைப்பது, கழிவறை கழுவுவது: ஊழியரே செய்வது, பிள்ளைகள் முறைவைத்துச் செய்வது என்று இரண்டு வழி. முறைவைத்துச் செய்யட்டும். ஆனால் அதைத் தண்டனையாக ஒருமுறை கொடுத்துவிட்டால் முறை கெட்டது. பிறகு துடைப்பத்தைத் தொடுபவன் எல்லாரும் தப்பு செய்தவன்.

சிரங்கு, பேன்: மறைக்காமல் சொன்னதற்காக யாரும் திட்டு வாங்கக்கூடாது. சிரங்கு ஒருவருக்கு வந்தால் நெருங்கிப் பழகிய எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மருந்து. துணியும் விரிப்பும் சூடான நீரில் துவைக்க வேண்டும், துவைக்க முடியாததை மூன்று நாள் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். காய்ச்சல், இருமல் பரவும் மாதங்களில் ஒருவர் தலைப்பக்கம் அடுத்தவர் கால் வரும்படி மாற்றிப் படுக்க வைப்பது செலவில்லாத வழி.

அலமாரிச் சோதனை: திடீர்ச் சோதனையா, பிள்ளை முன்னிலையில் சோதனையா? குழந்தை உரிமைகளுக்கான 1989 ஐ.நா. உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தையும் கடிதத் தொடர்பையும் காக்கிறது. பிள்ளையும் இரண்டு பெரியவர்களும் இருக்கும்போது, காரணம் சொல்லிவிட்டுத் திறக்கலாம். டைரியைப் படிக்கக்கூடாது.

முதல் சில வாரங்கள் வீட்டோடு பேசவே விடாமல் 'பழக்கும்' விதி: எனக்கு ஒருநாளும் ஒத்துவரவில்லை. தினமும் ஒரு மணி நேரம் அழுதுகொண்டு பேசுவதும் பிள்ளையை நிலைக்கவிடாது என்பது சரிதான். குறித்த நேரத்தில், சுருக்கமாக, தவறாமல் வரும் அழைப்பு இரண்டையும்விட நல்லது. நாளை ஏழு மணிக்கு அம்மா பேசுவாள் என்று தெரிந்த பிள்ளை இன்று தூங்கிவிடும்.

கூட்டுத் தண்டனை: யார் செய்தது என்று சொல்லும்வரை எல்லாருக்கும் விளையாட்டு இல்லை என்பது. வார்டனுக்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்த மாதிரி இருக்கும். பிறகு அறையே கூடிக் குற்றவாளியைத் தேடும். உண்மையான ஆள் பலசாலியாக இருந்தால் கடைசிக் கட்டில் ஒப்புக்கொள்ளும். நானே போட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டவனே செய்தவன் என்று நம்பியும் இருக்கிறேன்.

எதை எடுப்பது

கதவு, தீ, உடல்நலம், மெத்தை உறை, படுக்கும் அறையில் போன் இல்லாதது: இதெல்லாம் ஒரே மணி முறையில், பேச்சுக்கே இடமில்லாமல். எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். எனக்குப் பத்துக்கு மேல் போனதில்லை. தூங்கும் நேரம், படிப்பு நேரம், போன் நேரம், வெளியே போக அனுமதி: படிநிலை, அறைகள் அனுமதித்தால் மட்டும். குளியல் முறை, துப்புரவு முறை, பொதுக்கூடத்தில் என்ன பார்ப்பது, யார் எந்தக் கட்டிலில்: பிள்ளைகள் முடிவு செய்யட்டும், சீட்டெழுதியோ குலுக்கியோ. கட்டில் ஒதுக்கீடு இதில் முக்கியம். அதைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றினால் கழிவறைப் பக்கத்துக் கட்டில் யாருக்கும் நிரந்தரம் ஆகாது.

புதிய விடுதி என்றால் முதல் பருவத்திலேயே மூன்றாவது வழிக்குப் போக வேண்டாம். ஒருவரை ஒருவர் தெரியாத பிள்ளைகள் வாக்களித்தால் சத்தமாகப் பேசுபவன்தான் ஜெயிப்பான். முதல் பருவம் பெரியவர்களின் தாளை வைத்து ஓட்டுங்கள். அதன் அடியில், எந்தத் தேதியில் இது திருத்தப்படும் என்று எழுதிவிடுங்கள். அந்தத் தேதி வரும்போது முதல் வரிசைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். வருட நடுவில் பள்ளியை விட்டுப் போனவர்களின் வீட்டுக்குப் போன் செய்து, எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். நான் மூன்றாவது தாளை எழுதியது அப்படித்தான். அதற்கு முன் நான்கு வருடம் அது எனக்குத் தோன்றவே இல்லை.